கட்டில் இல்லாத படகைக் கட்டிய பிறிஜெற் அக்காவுக்கு

பதினாறு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் படகு இறக்கிய பெருநெஞ்சமே, முகத்துவாரப் படகுத்துறையின் முதுகெலும்பே, பிசினும் நாரும் பிரியாமல் பிணைத்த பொற்கரமே, இன்று ஓய்வு பெறும் எங்கள் வார்ப்புப் பகுதியின் மேற்பார்வையாளர் பிறிஜெற் அக்காவே, வணக்கம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து விடியப் புறப்பட்டு வந்து, கண்ணாடி நாரை அளந்து வெட்டி, பிசின் பூசி, மிஞ்சிய பிசினை அழுத்தி வழித்து, முப்பத்தொரு ஆண்டுகள் நின்ற கால்கள் உங்களுடையவை. காய்ந்த படகை ஐந்து ரூபாய் நாணயக் குற்றியால் தட்டித் தட்டிக் காது கொடுப்பீர்கள். சத்தம் அடைத்தால் உள்ளே வெற்றிடம். அந்த இடத்தை வெட்டி மறுபடி வார்க்க வேண்டும். யார் கெஞ்சினாலும் விடமாட்டீர்கள். அந்தக் குற்றிக்குப் பயந்தே நாங்கள் நல்ல வேலைக்காரர் ஆனோம்.

ஒரு காலத்தில் எங்கள் கொம்பனி கட்டியவை, மெல்லிய இரண்டு உடல்களை இணைத்துப் பாய் விரித்த பந்தயக் கற்றமரான்கள். பிறகு வாங்குவோர் மாறினார்கள். குளிரூட்டி கேட்டார்கள், நாலு குளியலறை கேட்டார்கள், மெத்தைக் கட்டில் கேட்டார்கள். கொம்பனியும் மிதக்கும் ஹோட்டல்களைக் கட்டத் தொடங்கியது. அதிலேதான் எங்கள் அடுப்பும் எரிந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் பந்தயப் படகு வார்க்கும் கடைசி அச்சையும் வெட்டி எறியச் சொல்லிச் சென்ற ஆண்டு கட்டளை வந்தபோது, நீங்கள் முகாமையாளர் தயாபரன் ஐயா முன் போய் நின்றீர்கள்.

"வெட்ட முதல் ஒண்டே ஒண்டு வாத்துப் பந்தயத்தில விட்டுக் காட்டுறன் ஐயா. சாமான் செலவை நான் போகேக்க தாற காசில கழியுங்கோ."

"வெண்டு வராட்டி?"

"வராட்டி அச்சையும் வெட்டுங்கோ, காசையும் வெட்டுங்கோ."

பதினாறு இலட்சத்து நாற்பதாயிரத்தையும் பணிக்கொடையில் கழிக்கச் சம்மதித்துக் கையெழுத்தும் வைத்தீர்கள். ஒழுகும் வீட்டுக் கூரையை மாற்ற நீங்கள் நம்பியிருந்த காசு அது என்று எங்களுக்குத் தெரியும்.

பழைய பாயையும் பாய்மரத்தையும் களஞ்சியத்தில் தேடி எடுத்து, சனிக்கிழமைப் பின்னேரங்களில் கட்டினோம். ஹோட்டல் கட்டிப் பழகிய கை என்ன செய்யும்? பந்தயப் படகுக்குள்ளும் கட்டில் தாங்கும் சட்டங்களை அழகாக ஒட்டி வைத்துவிட்டோம். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள்.

"பீற்றர், இதில ஆர் படுக்கிறது?"

"பழக்கத்தில வந்திற்றுது அக்கா."

"அப்ப நீயே படு. பந்தயம் முடிய எழுப்புறன்."

சட்டங்களைச் சுரண்டி எடுக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் கடைசியில் அந்தப் படகை எட்டுப் பேர் தோளில் தூக்கிக்கொண்டு போனோம். ஹோட்டல் படகுக்குக் கிறேன் வேண்டும்.

பந்தயத்தன்று கல்கிசைக் கரையில் பாய்ப்படகுப் பிரியர்கள் கூடியிருந்தார்கள். சுக்கான் பிடிக்கத் தச்சுப் பகுதிக் கிளின்ரன் ஏறினான். பின்னால் நீங்களும் ஏறினீர்கள். "ஆன்ரி, கரையில நிண்டு பாக்கலாமே" என்றார் ஒரு புதுப் படகுக்காரர். "கரையை நீங்க பாத்துக்கொள்ளுங்கோ மகன், நான் போயிற்று வாறன்" என்றீர்கள்.

போய் வந்தீர்கள் அக்கா. படகின் ஒரு பக்க உடல் தண்ணீரை விட்டு எழும்ப, அறுபது வயதில் அதன் விளிம்பில் அமர்ந்து அலைமேல் பறந்து வந்தீர்கள். இரண்டாம் படகு கரை சேர்ந்தபோது நீங்கள் பாயை மடித்துக்கொண்டிருந்தீர்கள். "ஆன்ரி" என்றவரே முதலில் ஓடிவந்து, இதைப்போல ஒன்று எவ்வளவு என்று கேட்டார். இன்று எங்கள் கையில் ஐந்து பந்தயப் படகுகளுக்கு ஓடர் இருக்கிறது. அச்சை அறுக்க வைத்திருந்த வாள் திரும்பவும் அலுமாரிக்குப் போய்விட்டது.

உடல் நோவின்றி, மனக் குறையின்றி, நல்ல காற்றும் நல்ல துணையும் வாய்க்க, ஒழுகாத கூரையின் கீழ் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். படகில் உங்கள் இடத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். கிளின்ரன் சொல்லச் சொன்னான்.

இந்த மடலோடு தயாபரன் ஐயா தரும் உறையில் உங்கள் பணிக்கொடை முழுதாக இருக்கிறது. பதினாறு இலட்சத்து நாற்பதாயிரத்தையும் மாதிரிப் படகின் செலவென்று கொம்பனி தன் கணக்கில் எழுதிக்கொண்டது. குற்றியை எடுத்து உறையைத் தட்டிப் பாருங்கள் அக்கா. உள்ளே வெற்றிடம் இல்லை.

வார்ப்பு, தச்சு, தேய்ப்புப் பகுதித் தொழிலாளர் அனைவரும்,
எழுதியவர்: முத்துலிங்கம், தேய்ப்புப் பகுதி
முகத்துவாரம், கொழும்பு 15