எழுபது பவுண்டு

– அன்னிக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கா நேடீன்? முதமுதல்ல உன்னை இந்த கார் ரேஸ் டிராக்குக்குக் கூட்டிட்டு வந்தப்போ, "என்ன வேணுமோ கேளு, இந்த ஹார்லன் வாங்கித் தருவான்"னேன்.

– இருக்கு. அவிச்ச வேர்க்கடலை கேட்டேன்.

– வேற எதையோ கேக்க வந்துட்டு, கடைசியில கடலையக் கேட்ட மாதிரி ஒரு முழி முழிச்ச. இப்பவும் அதே முழி.

– என் முழிய விடு, பெரிய மனுஷா. வண்டி என்ன பண்ணுது, அதச் சொல்லு. இருபது நிமிஷத்துல தகுதிச் சுத்துக்குக் கூப்பிட்டுருவாங்க.

– அதான் கண்ணு புரியல. இடது பக்கம் ஒடிக்கிறேன். மூக்கு திரும்பவே மாட்டேங்குது. நேரா வெளிச்சுவரப் பாத்தே போகுது. மூணு வாரம் முன்னாடி வெண்ணெய் மாதிரி திரும்பின வண்டி!

– டயர்ல காத்து?

– நாலும் சரியா இருக்கு.

– வலது முன் ஸ்பிரிங்?

– நீ போட்டதுதான், அதே ஸ்பிரிங். எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டேன். தலை சுத்துது. வியாழக்கிழமை நாலு சக்கரத்தையும் தராசுல ஏத்தினியே, அப்போ கணக்கு சரியா வந்துச்சுல்ல?

– வந்துச்சு. பத்தொம்பது வருஷமா நான்தான ஏத்துறேன். எனக்குத் தெரியாதா?

– கோவிக்காத. சும்மா கேட்டேன். நான் அன்னிக்கு சோபா ஃபேக்டரியில ரெண்டு ஷிஃப்ட். நீ ஒண்டியா செஞ்ச. என் எடைக்கு சீட்டுல அஞ்சு உப்பு மூட்டை வெச்சியா?

– இந்தா, ஹெல்மெட்டப் புடி.

– நேடீன்? மூட்டைக்கு நாப்பது, அஞ்சுக்கு இருநூறு பவுண்டு. வெச்சியா?

– மூட்டை தூக்கல, ஹார்லன்.

– தூக்கலியா? காலி சீட்டோடயா ஏத்தின?

– காலி இல்ல. நான் உக்காந்தேன்.

– நீயா? நீ உள்ள உக்காந்தா தராசை யாரு பாத்தா?

– எண்ணு தெரியுற பெட்டிக்குத்தான் நீள ஒயர் இருக்கே. மடியில வெச்சுக்கிட்டேன். பாக்குறது, இறங்குறது, சக்கரத்துப் பாரத்தச் சரிபண்ற போல்ட்டத் திருப்புறது, மறுபடி ஏறுறது. பதினோரு தடவை.

– ஐயோ என் தாயே! நீ எவ்வளவு இருப்ப, நூத்தி இருபது?

– நூத்தி முப்பது. புகழாத.

– அப்போ எழுபது பவுண்டு வித்தியாசம்! நான் ஏறினதும் இடது பின் சக்கரத்துல பாரம் கூடிப்போச்சு. அதான் வண்டியச் சுவத்துப் பக்கம் தள்ளுது! அப்பாடா, வண்டி மேல தப்பில்ல. ஆனா உனக்கு என்னாச்சு? கண்ண மூடிக்கிட்டு செய்யற வேலையாச்சே இது.

– எனக்கே குழப்பமா இருக்கு. மூட்டை எடுக்கத்தான் போனேன். சீட்டப் பாத்தேன். ஒரு நிமிஷம் உக்காரலாம்னு உக்காந்தேன். அப்புறம் எழுந்துக்கத் தோணல. மறந்து செஞ்சேனா, தெரிஞ்சே செஞ்சேனா, ரெண்டு நாளா யோசிக்கிறேன்.

– சீட்டுல ஒரு துண்டு மடிச்சுக் கிடந்துச்சே. முதுகுல இடிக்குதுன்னு தூக்கிப் போட்டேன்.

– அது என்னோடது. அது இல்லாம கால் பெடலுக்கு எட்டல.

– தராசுல நிக்கிற வண்டிக்குப் பெடல் எதுக்குடி?

– நேரமாகுது, ஹார்லன்.

– சரி விடு, பொறவு பேசிக்கலாம். ஸ்பேனரக் கொடு. இடது பின் போல்ட்ட ரெண்டு சுத்து தளர்த்தினா எனக்குச் சரியாயிரும். இன்னிக்கு ரெண்டு ரேஸ் வேற.

– தளர்த்து, ஆனா ரெண்டாவது ரேஸுக்கு மறுபடி இறுக்கிரு.

– ஏன்? நான் சுவத்துல முட்டணுமா?

– ஹார்லன், கொஞ்சம் பேசாம கேளு. நிறுத்திட்டா மறுபடி இன்னொரு பத்தொம்பது வருஷம் ஆயிரும். அன்னிக்கு எனக்குக் கடலை வேண்டாம்.

– பின்ன என்ன கேக்க வந்த?

– உன் சீட்ட. இன்னிக்கு ரெண்டாவது ரேஸ நான் ஓட்டுறேன், விடுறியா?