மூன்றாவது இசைத்தட்டு

லோர்னா சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஷெரிஃப் சார், எங்கள் பாட்டுக் குழுவுக்கு அந்தக் குழிதான் பெரிய தொல்லை.

மினசோட்டாவில் நாங்கள் வாசிக்காத மதுக்கடை கிடையாது. லோர்னா பாட்டெழுதிப் பாடுவாள், அவள் புருஷன் ஆர்வின் பாஞ்சோ வாசிப்பான், நான் பாஸ் கிட்டார். வெயில், காதல், ஆப்பிள் தோட்டம் என்று அவள் பாடிக்கொண்டிருப்பாள். ஜனங்கள் அதைக் காதில் வாங்காமல் பியர் குடித்துக்கொண்டு மீன் பிடித்த கதை பேசுவார்கள். அப்போது அவள் அப்பா செத்தார். அது தானாக நடந்தது, எனக்குச் சம்பந்தமில்லை. அறையை விட்டே வராமல் கிடந்தவள், வெளியே வரும்போது ஒரு பாட்டோடு வந்தாள். டுலூத்தில் அதைப் பாடினபோது ஒருத்தரும் கிளாஸைத் தொடவில்லை. அந்தப் பாட்டு ரேடியோவுக்குப் போயிற்று, முதல் இசைத்தட்டு வந்தது.

பேர் வந்தது, ஏரிக்கரையில் வீடு வந்தது, பாழாய்ப்போன சந்தோஷமும் திரும்பி வந்தது. மறுபடி வெயில், மறுபடி ஆப்பிள்.

"என்னடி இது, ஜாம் விளம்பரம் மாதிரி இருக்கு?" என்றேன்.

"நான் நல்லா இருக்கேன்டா டெல். அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?" என்று சிரித்தாள்.

முதலில் அவள் நாய் காணாமல் போனது. அதற்கு வலிக்காமல் பார்த்துக்கொண்டேன். இரண்டு பாட்டு வந்தது. நாய்க்கு அவ்வளவுதான் வரும்.

ஏரி உறைந்ததும் கெட்டியான ஐஸ் எதுவென்று காட்ட நம் ஊரில் பைன் கிளைகளை வரிசையாக நட்டுவைப்போம், உங்களுக்குத் தெரியாததா? கிளை இருந்தால் எவனும் குனிந்து ஐஸைப் பார்க்க மாட்டான். ஆர்வின் விடிகாலையில் ஐஸ் மேலேயே டிரக்கை ஓட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறவன். நான் நாலைந்து கிளைகளைப் பிடுங்கி, அடியில் ஊற்று ஓடி ஐஸ் மெலிந்திருக்கிற பக்கமாக நட்டேன். வேறொன்றும் செய்யவில்லை. தங்கமான மனுஷன், முந்தின நாள்தான் என் கிட்டாருக்குத் தந்தி மாற்றிக் கொடுத்தான். அவன் சவப்பெட்டியைத் தூக்கும்போது நான் உண்மையாகவே அழுதேன்.

இரண்டாவது இசைத்தட்டு நாட்டையே அழவைத்தது. உங்கள் மனைவிகூட அட்டையில் எங்கள் கையெழுத்து வாங்கினார்.

அதற்கப்புறம் லோர்னாவை விட்டு நான் நகரவில்லை. சூப் வைத்துக் கொடுத்தேன், வாசலில் பனி தள்ளினேன். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன் டெல்" என்பாள். போன ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எத்தனை வருஷமாக நான் ஆசைப்பட்டது தெரியுமா? அன்று சாயங்காலமே மூன்றாவது இசைத்தட்டுக்கு எழுதியதைப் பாடிக் காட்டினாள். வெயில். ஆப்பிள். போதாததற்கு என் பேரும் அதில் வருகிறது.

யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு இனி இழக்க மிச்சமிருப்பது நான் ஒருத்தன்தான். அதனால்தான் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு உங்களைத் தேடி வந்தேன். குழுவுக்காக நான் எதைத்தான் விட்டுக்கொடுக்கவில்லை?

வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு. தயவுசெய்து இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.