இருமலுக்கு என் கஷாயம்

இருமலுக்கு நான் வைக்கும் கஷாயத்துக்கு எங்கள் ஊர் தோணிரேவில் நல்ல பேர். சுக்கு, மிளகு, ஆடாதொடை, அவ்வளவுதான். மற்றபடி பெரிய கைப்பக்குவக்காரி இல்லை நான். மீன் குழம்பில் எப்போதும் உப்பு தூக்கல்.

என் வீட்டுக்காரர் துளசிங்கம் குடித்த காலம் முழுக்க அந்த உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. போதை ஏறினால் பச்சைப்பிள்ளை. என் மடியில் படுத்துக்கொண்டு, "அம்மா, நீ இல்லன்னா நான் இன்னா ஆவேன்?" என்று அழுவார். எங்கள் ஏரியில் முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். கல்யாணமான ஆண்களுக்குத்தான் கிடைக்கும். அவர் எழுந்திருக்க முடியாத பாடு நாளில் யார் படகில் போவது என்று நான் சொல்வேன், ஊர் கேட்கும். "லோகாம்பா இல்லன்னா அந்த வூடு அவ்ளோதான்" என்பார்கள். சங்கடமாகத்தான் இருக்கும். இன்னொரு தரம் சொல்லட்டும் என்று அங்கேயே நிற்பேன்.

பிறகு அங்காளம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டார். ஆளே மாறிவிட்டார். வலைக்குத் தானே போனார். மகன் பிரவீன் எதற்கெடுத்தாலும் "நைனாவக் கேக்கணும்" என்றான். பெட்டிச் சாவி என் இடுப்பிலிருந்து அவர் இடுப்புக்குப் போயிற்று. நான் அம்மாவிலிருந்து ஏய் ஆனேன்.

"ஏய், இன்னாத்துக்கு இவ்ளோ உப்பு?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நியாயமான கேள்வி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மார்கழிப் பனியில் அவருக்கு இருமல் கண்டது. கஷாயத்தில் கொஞ்சம் பிராந்தி ஊற்றினேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"கயிறு கட்டிக்கீறேன்டீ."

"மருந்துதானே, குடி. அம்மா கோச்சுக்க மாட்டா."

எந்த அம்மாவைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

பொங்கலுக்குள் இருமல் நின்றது, கஷாயம் நிற்கவில்லை. அவர் பழையபடி என் மடிக்கு வந்துவிட்டார். பாடு நாளில் மட்டுமாவது கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று அவர் தெளிவாக இருந்தால் ஊர் என்னிடம் வந்து எதைக் கேட்கும்? இரண்டு டம்ளர் கொடுத்தேன். படுத்துவிடுவார் என்று நினைத்தேன், எழுந்து போய்விட்டார். தள்ளாடிக்கொண்டே படகை ஒற்றையாளாகத் தள்ளிக்கொண்டு போனதைக் கரையில் நின்று பார்த்தேன். தடுத்தால், யார் ஊற்றிக் கொடுத்தது என்று நாலு பேர் கேட்பார்கள். வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். மறுநாள் முகத்துவாரத்தில் உடம்பு ஒதுங்கியது. நான் அழுத அழுகையை ஊர் இன்னும் பேசுகிறது.

சாவி மறுபடி என் இடுப்பில்தான் இருக்கிறது. பிரவீனுக்குக் கல்யாணமானால் பாடு அவன் பேருக்கு வரும். வெண்ணிலா என்று ஒரு பெண்ணை அவனே பார்த்திருக்கிறான், கெட்டிக்காரி. பிரவீன் இதுவரை குடியைத் தொட்டதில்லை. என் வளர்ப்பு அப்படி.

நேற்றிலிருந்துதான், பாவம், லேசாக இருமுகிறான்.