பூட்ஸ் பாக்கி

— அறுநூத்தி நாப்பது, தங்கச்சி. உன் வீட்டுக்காரர் பூட்ஸ் கணக்குல நிக்கிற பாக்கி. பார்க் ஆபீஸ்ல பேசித் தள்ளுபடி பண்ண வச்சுட்டேன். இதுல ஒரு கையெழுத்துப் போடு, முடிஞ்சுது.

— அவரு செத்துப் பதினோரு நாள் ஆச்சு, மேஸ்திரி அண்ணே. இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?

— வேலை அப்படி. அந்தப் பாம்புக்கடிக்கு அப்புறம் ஒரு பய புல்லுல கால் வைக்க மாட்டேங்கிறான்.

— பேப்பரைக் குடுங்க. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கொஞ்சம் பொறுங்க.

— படிக்க என்ன இருக்கு அதுல? வழக்கமா எழுதுறதுதான்.

— "பூட்ஸ் கொடுத்தும்... அணியாமல்... தன் கவனக்குறைவால்." யார் கவனக்குறைவு, அண்ணே? இந்தக் கொல்லையில விறகைக்கூடச் சுவரோரம் அடுக்க விடமாட்டாரு. எலி வரும், எலி பின்னாலயே அது வரும்பாரு. கோல் தட்டாம ஒரு எட்டு வச்ச மனுஷன் இல்ல.

— கோல் தட்டுனா ஆச்சா? பிள்ளைங்க விளையாடுற சறுக்கு மரத்தடியில முட்டளவு சருகு. அதுல செருப்புக் காலோடயா இறங்குவாங்க?

— அந்தச் சருகை வார இன்னும் ரெண்டு ஆளு வேணும்னு மூணு தடவை உங்ககிட்ட வந்து நின்னாரு.

— பழசைக் கிளறாத. நாளைக்கு விசாரணைக்குப் பெரிய ஆபீசர் வர்றாரு. நீ போடலன்னா பாக்கி உன் தலையிலதான்.

— போட்டா நஷ்டஈடு கிடைக்காது. அதானே?

— விவரமாத்தான் இருக்க.

— இந்தாங்க, அறுநூத்தி நாப்பது. அவரோட கடைசிச் சம்பளம்தான். எண்ணிக்கிட்டு ரசீது எழுதுங்க.

— வீம்புக்காரி. சரி, எனக்கு இதுவும் நல்லதுதான். பூட்ஸ் குடுத்ததுக்கு நீயே சாட்சி ஆயிட்ட.

— பூட்ஸ் பெட்டி இந்தா இருக்கு. மேல ஒட்டியிருக்கிறதைப் பார்த்து அப்படியே எழுதுங்க. நாளைக்கு யாரும் வேற ஜோடின்னு சொல்லக் கூடாது.

— கறுப்பு ரப்பர் பூட்ஸ், ஒரு ஜோடி, ஏழாம் நம்பர். பணம் வரவு. தேதி, கையெழுத்து. போதுமா? நல்ல பூட்ஸ், தங்கச்சி. ஒரு பொட்டு மண்ணு படல. அன்னிக்கு ஒருநாள் போட்டிருந்தா அந்த மனுஷன் இப்ப உசிரோட உக்காந்திருப்பான்.

— வாசல்ல அவரு செருப்பு இன்னும் கிடக்கு. போறப்போ திருப்பி அடியில இருக்கிற நம்பரைப் பாருங்க, அண்ணே. ஒன்பது.