மிர்த்தா பறித்த செடி

தண்ணீர் கொதித்துவிடக் கூடாது, சார்ஜென்ட். கொதித்த தண்ணீரை ஊற்றினால் மாத்தே இலை வெந்து ருசி கெட்டுப்போகும். இதோ, இறக்கிவிட்டேன். குடிக்கத் தயக்கமாக இருந்தால் பரவாயில்லை, பக்கத்தில் வையுங்கள். என் தம்பி பெண்டாட்டி மிர்த்தா எப்படிச் செத்தாள் என்று கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

எனக்கு அவளைப் பிடிக்கும். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அம்மா போனபோது தம்பி லிசாந்த்ரோ தவழ்ந்துகொண்டிருந்தான். கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்காமல் அவனை வளர்த்தேன். அவன் வடக்கே காட்டோரத்திலிருந்து பெண் கட்டிக்கொண்டு வந்தபோது வாசலில் நின்று அழைத்தவள் நான்தான். பின்னாலேயே அவள் அப்பா சீதனமாக ஒரு மந்தைக் கிடாரிகளை ஓட்டி அனுப்பினார். அவை பெருகியதும் ஓடைக்கு அந்தப் பக்கம் தனி வீடு கட்டிக்கொண்டு போவதாக இருவரும் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழும்படியே பேசினார்கள். நான் தடுக்கவில்லை.

நீங்கள் இந்தக் கொரியென்தெஸ் மாகாணத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், தெரிந்திருக்காது. எங்கள் புல்வெளியில் மியோமியோ என்று ஒரு செடி முளைக்கும். இங்கே பிறந்த மாடு அதை முகர்ந்ததும் விலகிப் போய்விடும். வெளியூர் மாடு மேய்ந்துவிட்டுச் செத்து விழுந்துவிடும். அதனால் வெளியூர் மாடு வந்தால் பட்டியைத் திறப்பதற்கு முன்பே அந்தச் செடியை இடித்து அதன் ஈறிலும் மூக்கிலும் தேய்ப்போம், கொளுத்திப் புகை காட்டுவோம். அந்த எரிச்சலும் நாற்றமும் மாட்டுக்கு மறக்காது. பிறகு செடியைக் கண்டாலே ஒதுங்கும்.

லிசாந்த்ரோ வேலிக் கம்பி வாங்க ஊருக்குக் கிளம்பினான். "அக்கா, மாட்டுக்குத் தேய்க்கிறதை இவளுக்குக் காட்டிக் குடு. இனிமே இவதானே பாத்துக்கணும்" என்றான்.

இனிமேல் இவள்தான். சரி என்றேன்.

மிர்த்தாவைக் கூட்டிப்போய் ஒரு குத்துச்செடியைக் காட்டினேன். கிட்டத்தட்ட அதே உயரம், அதே மெல்லிய இலை. ஆனால் கன்றுக்குட்டி தின்றாலும் ஒன்றும் ஆகாத செடி. மற்றதையெல்லாம் அவளே செய்தாள். அவளே பறித்தாள், அவளே உரலில் இடித்தாள்.

"எங்க ஊருல புள்ளைங்களுக்குத்தான் அண்ணி மருந்து தேய்ப்பாங்க. மாட்டுக்குத் தேய்ச்சேன்னு சொன்னா எங்கப்பா விழுந்து விழுந்து சிரிப்பாரு" என்றாள், ஒரு கிடாரியின் வாயைப் பிளந்துகொண்டே.

"சிரிக்கட்டும். நீ நல்லா அழுத்தித் தேய்" என்றேன். அன்று எங்கள் இருவருக்கும் பொழுது நன்றாகவே போனது.

மாடு போனால் தனி வீடு போகும், அவளும் கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போவாள். அவ்வளவுதான் நான் நினைத்தது. அதில் யாருக்கு என்ன கெடுதல்?

லிசாந்த்ரோ திரும்பி வந்தபோது கிடாரிகள் தள்ளாடித் தள்ளாடி ஓடைக்கரையில் விழுந்துகொண்டிருந்தன. நிஜச் செடியைப் பிடுங்கிவந்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"இதையாடி தேய்ச்சே? உங்கப்பன் குடுத்ததை உன் கையாலயே கொன்னுட்டியேடி!"

"அண்ணி காட்டினது இது இல்லைங்க..." என்று என்னைப் பார்த்தாள்.

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "இதைத்தானே கண்ணு காட்டினேன். நீ மாத்திப் பறிச்சிருக்கே. விடுடா லிசாந்த்ரோ, சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்டா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். நம்பிவிட்டாள்.

அவள் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று கேட்டாள். லிசாந்த்ரோ அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் சாப்பிடுவதையும் விட்டுவிட்டு, புல்வெளியில் ஒவ்வொரு செடியாகக் கிள்ளி முகர்ந்துகொண்டே திரிந்தாள். கொண்டுவந்து என்னிடம் நீட்டுவாள். "இதுவா அண்ணி?" இல்லை என்று தலையசைப்பேன்.

இப்போதும் மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு உரல் இடிக்கும் சத்தம் கேட்கிறது. உரலைக் கவிழ்த்துவைத்தேன், நிற்கவில்லை. கிணற்றில் போட்டேன். இப்போது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. பயமாக இருக்கிறது, சார்ஜென்ட். அந்தத் தண்ணீரை நான் குடிப்பதில்லை. இந்த மாத்தேக்குக்கூட ஓடைத் தண்ணீர்தான்.

கடைசி நாள் மதியம் நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தேன். அவள் தலைவாரி, நல்ல பாவாடை உடுத்தி வந்தாள். ஒரு கையில் மாத்தேக் குடுவை, இன்னொரு கையில் ஒரு கொத்து மியோமியோ. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அண்ணி, இந்த வாட்டி சரியாப் பறிச்சிருக்கேனா?"

வாங்கி முகர்ந்து பார்த்தேன். திரும்ப அவள் கையிலேயே கொடுத்தேன்.

"சரியாப் பறிச்சிருக்கே கண்ணு" என்றேன்.

அவளிடம் நான் பொய் சொன்னேன் என்று லிசாந்த்ரோ உங்களிடம் சொல்லியிருக்கலாம். மாடு விஷயத்தில் சொன்னேன்தான். ஆனால் அன்று அவளிடம் நான் சொன்னது உண்மை.