இன்னும் எட்டுத் தொட்டி

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலைத் தலைவர் அவர்களே, ஐலீனின் கணவர் ரெக்ஸ் அவர்களே, வேலை உடுப்போடு இந்தக் கால்பந்துக் கிளப் கூடத்தை நிறைத்திருக்கும் தோழர்களே!

நம்மை விட்டு மறைந்த, நம் சீஸ் ஆலையின் புள்ளியியலாளர் முனைவர் ஐலீன் பாஸ்கோவைப் புகழ என்னை அழைத்திருக்கிறீர்கள். தயாரிப்பு மேலாளனான எனக்கு அந்தத் தகுதி உண்டா?

நம் செடார் சீஸ் கசந்த வருடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு காரணங்கள் மேல் சந்தேகம். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக வைத்து எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க அறுபத்துநான்கு தொட்டிப் பால் வேண்டும். எட்டுத்தான் தருவேன் என்றேன். வேறொருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார். ஐலீன் அந்த எட்டிலேயே ஆறையும் அளக்கும் வரிசையைத் தேர்ந்தெடுத்தார். என்ன திறமை! ஆனால் எச்சரித்தார்:

"எட்டுதான்னா எட்டு. ஆனா ஒண்ணு இன்னொண்ணோட முகமூடியைப் போட்டுக்கிட்டு வரும். அப்போ அவசரப்பட்டு யாரையும் பிடிச்சுராதீங்க."

திரிந்த பாலிலிருந்து தெளிநீரை எப்போது வடிப்பது என்பது டெஸ் கார்மடியின் பொறுப்பு. முடிவு அவரைத்தான் கை காட்டியது. பாலில் ஊற்றும் புது உறையும் குறைந்த உப்பும் சேர்ந்து கசப்பை உண்டாக்கியிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். இரண்டையும் பிரிக்க ஐலீன் கேட்டது இன்னும் எட்டுத் தொட்டி. முதல் எட்டில் வைத்த ஒவ்வொன்றையும் தலைகீழாக மாற்றி வைத்தால் போதும். கொடுத்தோமா? டெஸ்ஸை லாரிக்குச் சுமை ஏற்ற அனுப்பினோம். அதே வாரம் உப்பையும் கூட்டினோம். கசப்பு நின்றது. கைதட்டினோம்!

அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் ஐலீன் கேட்டார். 'இன்னும் எட்டு' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். தான் போட்ட வரிசைதான் டெஸ்ஸைக் கூண்டில் ஏற்றியது என்று அவர் மனம் குமைந்தது எங்களுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டை லாரிகளுக்குப் பக்கத்தில்தான் சாப்பிடுவார். டெஸ் கேலி செய்வார்: "உன் கணக்கு என்னை வெளிய தள்ளிச்சு, ஐலீன். பரவால்ல, இங்க காத்தாவது வருது." ஐலீன் சிரித்ததில்லை.

தோழர்களே, வரும் திங்கட்கிழமை அந்த எட்டுத் தொட்டியும் தொடங்குகின்றன. ஐலீன் வகுத்த வரிசையில் ஒன்றும் மாறாது. இனி அவர் வழியில்தான் சோதிப்போம். சீஸ் பழுத்ததும் இதே கூடத்தில் வெட்டிச் சுவைப்போம்.

காரணம் டெஸ்ஸாகவே இருக்கலாம். ஆனால் தெரியாமலே தண்டித்தோமே! அதற்கு மன்னிப்புக் கேட்கவும் சீஸ் பழுக்க வேண்டுமா?

டெஸ், என்னை மன்னியுங்கள். கதவோரம் நிற்காதீர்கள். ரெக்ஸுக்குப் பக்கத்து நாற்காலி உங்களுடையது.