படத்துல தலை விழல

— நயினார் அண்ணாச்சி, இன்னொரு படம் எடுங்க. எடுத்தாத்தான் நான் இங்கேருந்து நவுருவேன்.

— மெதுவா பேசுங்க தம்பி. இது ஆஸ்பத்திரி. சீனித்தாய் வீட்டுக்காரருதானே? வெள்ளத்துரை?

— எம்பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சீட்டுல இருக்குல்லா. உக்காருங்க.

— உக்கார நேரமில்ல. ஹார்பர் வாசல்ல கருப்பட்டிக் கடை. விடிய முன்ன கடை தெறக்கப் போனவன், அங்கேருந்து நேரா வாரேன். முந்தாநேத்து அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தது நீங்கதான?

— நான்தான்.

— எட்டு மாசம். வயிறு பெருசா இருக்கு, ரெட்டைப் பிள்ளையான்னு பாக்கத்தான் டாக்டரம்மா அனுப்புனாவ. நேத்து சாயங்காலம் என்ன ஆச்சுன்னு கேட்டா, 'படத்துல தலை விழலயாம்'ங்கா. சவத்த, இது ஒரு வேலையா அண்ணாச்சி? பிள்ளைன்னு எடுத்தா தலை வேண்டாமா?

— தம்பி...

— எங்க கல்யாணத்துலயும் இப்படித்தான். ஸ்டுடியோக்காரன் எங்க அப்பாவ கழுத்தோட வெட்டிட்டான். வேட்டியும் துண்டும் நிக்கி, ஆளக் காணும். சண்ட போட்டு இன்னொருக்க எடுக்க வச்சேன். இப்பவும் வைப்பேன்.

— வயித்துப் பிள்ளைக்கு எக்ஸ்ரேய சும்மா சும்மா எடுக்கப்பிடாது, கேட்டீயளா. எத்தன மட்டம் எடுத்தாலும் இதேதான் விழும்.

— பிள்ள ஆடியிருக்கும். சும்மாவே கெடக்காது. அப்படி உதைக்கி.

— உதைக்கும். கையும் காலும் நல்லாத்தான் இருக்கு.

— பொறவு என்ன?

— இங்கன சன்னல் பக்கம் வாங்க. பிலிமப் பிடிக்கேன், பாருங்க. பாசி கோத்தாப்புல வரிசையா தெரியுதுல்லா, அது பிள்ளையோட முதுகெலும்பு. இது விலா. இது தொடை. பிள்ள தலைகீழாக் கெடக்கு. அப்ப கழுத்து எங்க இருக்கும்?

— கீழ.

— இந்தா, கழுத்து. இதுக்கும் கீழ பெருசா வெள்ளையா விழுந்திருக்கே, அது தாயோட இடுப்பெலும்பு. முழுசா இருக்கா?

— இருக்கு.

— உங்க அப்பா தலை எங்க போச்சு? போட்டோ ஓரத்துக்கு வெளிய போச்சு. இதுல ஓரம் எங்க இருக்கு பாருங்க. கழுத்துக்குக் கீழ ஒரு சாண் இடம் கெடக்கு தம்பி. நான் எதையும் வெட்டல.

— ...அப்ப உங்க மிசினு கரிச்சிட்டு! கரெண்ட கூட்டி வச்சி பிள்ளை தலையக் கரிச்சிட்டிய!

— சட்டைய விடுங்க. நான் எடுத்தது முந்தாநேத்து. இது ரெண்டாம் மாசத்துலயே கட்டாமப் போனது. முகம் இருக்கும். கண்ணுக்கு மேல மண்டை ஓடு கட்டல.

— கிரகணத்தன்னைக்கு வெளிய வராதன்னு எங்க அம்ம படிச்சுப் படிச்சுச் சொன்னா. இவ கேக்காம தண்ணிக்குப் போனா.

— கிரகணமும் இல்ல, தண்ணிக்குப் போனதும் இல்ல. அந்தப் பழிய அவ மேல போட்டுராதீய. யாரும் செஞ்சது இல்ல இது.

— மதுரைக்குக் கொண்டு போறேன். வேலூருக்குப் போறேன். கடையக் குடுத்துட்டுப் போறேன். பொறந்த ஒடனே ஆபரேசன் செஞ்சு ஒட்ட மாட்டாங்களா?

— ஓடு மட்டும் இல்லன்னா கேட்டுப் பாக்கலாம். உள்ள இருக்க வேண்டிய மூளையும் வளரல. பொறந்தா ஒரு மணி நேரம் மூச்சு விடும். சிலது அதுவும் இல்ல.

— அப்ப பொறக்க வேண்டாம். இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கட்டும். உள்ள உசுரோடதான இருக்கு?

— அந்தப் பேச்சுதான் ஆகாது. இந்த மாதிரி பிள்ளன்னா தாய் வயித்துல தண்ணி ஏறிக்கிட்டே போகும். வயிறு பெருசானது அதனாலதான். நாளு கடத்துனா தாய்க்கு ஆபத்து. இன்னைக்கே வலி வர வச்சு எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லுதாவ. தங்கச்சி நாலு நாளா சுவத்துல சாஞ்சு உக்காந்துதானே தூங்குது?

— ஆமா, படுத்தா மூச்சு முட்டுது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ...வயிறு அப்படி இருந்தா அப்படித்தான் தம்பி. இந்தக் காயிதத்துல வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்.

— பிள்ளையக் கொல்லுததுக்கா?

— பிள்ளைய யாராலயும் காப்பாத்த முடியாது. அவளக் காப்பாத்துததுக்கு.

— வெள்ளிக்கிழம வளகாப்பு அண்ணாச்சி. சாத்தான்குளத்துலேருந்து சனம் பூரா வருது. அவ வளையல் பாத்து எடுத்து வச்சிட்டா. ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணுன்னு பேரும் வச்சிட்டா. வயித்தத் தடவிக்கிட்டே ரெண்டு பேரையும் மாத்தி மாத்திக் கூப்பிடுதா. இதப் போய் அவகிட்ட எப்படிச் சொல்ல?

— சொல்லித்தானே ஆகணும்.

— சொல்லப்பிடாது. சொன்னா அன்னைக்கே உசுர விட்டுருவா, எனக்குத் தெரியும். இங்க பாருங்க, உங்க காலப் பிடிச்சிக் கேக்கேன். ரெண்டாவது படம் எடுத்தாச்சு, தலை நல்லா விழுந்திருக்குன்னு அவகிட்ட சொல்லப்போறேன். வந்து கேட்டா நீங்களும் அதத்தான் சொல்லணும். வளகாப்பு முடியட்டும். பொறவு பாத்துக்கிடலாம்.

— வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்காது தம்பி.

— தாங்கும், தாங்கும். மத்தியான மில்லு சங்கு ஊதிட்டு. சோத்த வச்சுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருப்பா. நான் வீட்டுக்குப் போறேன்.

— வீட்டுக்குப் போகாதீய.

— ஏன்?

— வீட்டுல அவ இல்ல. காலையில எட்டு மணிக்கு, நீங்க கடையில இருக்கும்போது, மாத்துச்சேலைய மஞ்சப்பையில வச்சுக்கிட்டு ஒத்தையில நடந்து வந்தா. இப்ப மாடியில கட்டில்ல இருக்கா. 'எல்லாம் டாக்டரம்மா நேத்தே சொல்லிட்டாவ அண்ணாச்சி. தலை விழலன்னு அவியகிட்ட சொல்லி வச்சிருக்கேன், சண்டைக்கு வருவாவ. எனக்கு வாய் வரல, நீங்க சொல்லிருங்க. என்னய ஒண்ணும் கேக்காம கையெழுத்தப் போட்டுட்டு, பக்கத்துல வந்து உக்காந்தாப் போதும்'னு சொல்லிட்டுத்தான் படியேறுனா.